மெதுவாக வந்த சீர்

அந்தச் செய்தி வந்தபோது மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிப்போன ஜீப் ஒன்று வளைவில் கவிழ்ந்து பள்ளத்தில் உருண்டுவிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஓட்டியவரும் போய்விட்டார். தமிழ்நாட்டு அடிவாரத்திலிருந்து விடியுமுன்னே மலையேறி, பொழுது சாய்கையில் இறங்கிப் போகிறவர்கள் அவர்கள். தொலைக்காட்சியில் அந்தச் சரிவைக் காட்டினார்கள். ஏலச்செடிகளுக்கு நடுவே ஒரு ரப்பர் பூட்ஸ் நின்றுகொண்டிருந்தது. விழுந்து கிடக்கவில்லை. யாரோ கழற்றி வைத்ததுபோல நேராக நின்றுகொண்டிருந்தது.

என் அண்ணன் மூணாற்றில் ஜீப் ஓட்டுகிறான். சுற்றுலா வருபவர்களைக் காட்சிமுனைகளுக்கு ஏற்றிப்போவது அவன் தொழில். உடும்பஞ்சோலையில் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கை கைபேசியைத் தேடியது. மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டான். எடுக்காதே என்று கெஞ்சிக் கெஞ்சி அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவளே நான்தான். ஆனால் அன்று அவன் எடுக்காத ஒவ்வொரு முறையும் அவன்மீது கோபம் வந்தது.

ஒரு மணி நேரம் கழித்து அவனே கூப்பிட்டான்.

"ஏ புள்ள, பதினோரு தடவை அடிச்சிருக்க. வீட்டுல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?"

"உடும்பஞ்சோலை..." என்றேன்.

"ம். கேள்விப்பட்டோம். இருந்த சவாரியை எறக்கிவிட்டுட்டு நானும் வண்டியை நிறுத்திட்டேன். ஸ்டாண்டுல இன்னைக்கு யாரும் எடுக்கல." பிறகு, "அந்த டிரைவரை எனக்கு மொகம் தெரியும். லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு ஒண்ணா வரிசையில நின்னோம். எனக்குப் பேனா குடுத்தாரு" என்றான்.



நான் மூணாறு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். லயம் என்றால் தொழிலாளர்களுக்காக ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய வீடுகள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தார், அம்மா கொழுந்து பறித்தாள். தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து ஏறியவர்கள் நாங்கள். கோயம்புத்தூரில் படிக்கும்போது என் கணவரைச் சந்தித்தேன். அவருடையது கிழக்குப் பாலக்காட்டில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே, தென்னையும் நெல்லுமாக நிலம் வைத்திருக்கிற குடும்பம். கேரளத்தில் இருந்தாலும் வீட்டில் பேசுவது கோயம்புத்தூர்த் தமிழ். எங்கள் திருமணத்துக்கு அத்தையும் மாமாவும் சம்மதிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. சம்மதித்த பிறகு ஒரு குறையும் வைக்கவில்லை. அதனாலேயே எனக்கு எப்போதும் ஒரு கவனம். என் பக்கத்து ஆட்களால் அவர்களுக்கு ஒரு பேச்சு வந்துவிடக்கூடாது.

விபத்து நடந்த அன்றைக்குச் சரியாகப் பதினெட்டாம் நாள் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். மூன்றாவது வயது. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். என் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. ஆகவே என் வீட்டார் சீர்த்தட்டோடு என் கணவரின் பங்காளிகள் முன்னால் வந்து நிற்கப்போவது இதுதான் முதல் தடவை.

விபத்துச் செய்தி வந்த அன்று சாயங்காலம் வாசற்களத்தில் தேங்காய் உரித்துக் குவித்திருந்தார்கள். அங்கன்வாடி டீச்சர் மகளுக்கான சத்துமாவு பாக்கெட்டோடு வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் மலையாளி. எங்கள் தெருவிலேயே இருபது வருடமாக இருப்பதால் தமிழும் வரும். பேச்சு எங்கே போகும் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. அத்தைதான் தொடங்கினார்.

"மலங்காட்டுல ஜீப்பு ஓட்டறவனுக்கெல்லாம் உசுருன்னா அத்தனை எளப்பம் டீச்சரு. தெக்கத்தி ரத்தமல்லோ! எதுக்கெடுத்தாலும் வேகந்தான்."

"மலைன்னு இல்ல சேச்சி. அது தமிழ்நாட்டு வண்டியாக்கும். அவங்களுக்கு ரூலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நம்மட கேரளத்துல இப்படி நடக்குமோ?"

மாமா தேங்காயைக் கீழே வைத்தார். "ஏனுங் டீச்சரு, ரூலு பேசறீங்களே, அந்தத் தோட்டம் ஆருது? ஏழு மணிக்கு வந்து நிக்கலீன்னா வேலை இல்லைன்னு திருப்பி அனுப்பறது ஆரு? உங்க ஆளுங்கதானுங்களே?"

"அதுக்கு பதினஞ்சு ஆளை ஒரு ஜீப்புல கேற்றணுமோ? தமிழ்க்காரங்களுக்குக் கூட்டம் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது. கல்யாணத்துக்கும் லாரி, மரணத்துக்கும் லாரி."

"நீங்க மட்டும் என்னவாம்? நாலு பேரு ஒரு கார்ல ஏறுனா போய்ச் சேர்றதுக்குள்ள அஞ்சு சங்கம் ஆரம்பிச்சுப்போடுவீங்க."

அந்த நேரத்தில் என் கணவர் தோப்பிலிருந்து வந்தார். "டீச்சரே, முந்தாநேத்து உங்க வீட்டுக்காரரு பைக்குல மூணு பேரா போனதை நான் பாத்தனே?"

"அது ரேஷன் கடை வரைக்கும்!" என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான் காலையில் பார்த்த அந்தப் பூட்ஸ் நினைவுக்கு வந்தது. உள்ளே போய்க் காப்பி போட்டேன்.

அவர்களிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று இருந்தது. நானும் அப்படிப்பட்ட ஜீப்பில்தான் பள்ளிக்குப் போனேன். காலை பஸ் ஒன்றே ஒன்று. அது போய்விட்டால் ஜீப். உள்ளே பத்துப் பேர், பின்படியில் நான்கு பேர். என் புத்தகப்பை முன்னால் இருக்கும் யாரோ ஒருவர் மடியில் பயணம் செய்யும். அந்தக் கூட்டத்துக்கு ஓட்டுநரின் பேராசை மட்டும் காரணமில்லை. மழையில் ஒரு கிழவர் நிற்பார், காய்ச்சல் குழந்தையோடு ஒருத்தி நிற்பாள். உள்ளே இருப்பவர்களே, "ஏறு, ஏறு, நெருக்கி உக்காந்துக்கலாம்" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். மலையில் ஜீப்பில் இடமில்லை என்று சொல்வது, வீட்டில் சோறில்லை என்று சொல்வதுபோல. வழியில் நின்றவரை விட்டுவிட்டு வந்த ஓட்டுநரைப் பற்றி ஒரு வாரம் பேசுவார்கள். என் அம்மாவே பேசுவாள்.

இதை ஏன் சொல்லவில்லை? சொன்னால், "பாத்தியா, அவளே ஒத்துக்கிட்டா" என்பார்களோ என்ற பயம். இன்னொன்றும் இருந்தது. அந்த நெருக்கத்தை நல்ல குணம் என்று அன்றைய தினம் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. அந்தப் பெண்களும் அப்படித்தானே ஒருவரை ஒருவர் கைபிடித்து ஏற்றியிருப்பார்கள்.

காப்பித் தம்ளரை வாங்கும்போது அத்தை கேட்டார். "உங்கண்ணன் அந்த ஜீப்புலயா அம்மிணி சீரு எடுத்துக்கிட்டு வராரு?"

"ஆமாங்க அத்தை."

"எல்லாரையும் அடைச்சுக்கிட்டு வர வேண்டாம்னு சொல்லு கண்ணு. நாம ஒரு வேன் அனுப்பிப்போடலாம். நம்ம பக்கத்து டிரைவரு நெதானமா ஓட்டுவாரு."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனால் நேர்மையாக எழுதுவதென்றால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று மதியமே நான் கணவரிடம் தனியாக, "ஒரு வேன் ஏற்பாடு பண்ண முடியுமா?" என்று கேட்டிருந்தேன். நிதானமான டிரைவராகப் பாருங்கள் என்றும் சொல்லியிருந்தேன். அத்தை வாயிலிருந்து வந்தபோது வலித்தது என் வாயிலிருந்து வந்ததுதான்.

மறுநாள் அண்ணனிடம் பேசினேன். வேன் வரும், அம்மாவும் அப்பாவும் உறவினர்களும் அதிலேயே வந்துவிடலாம், நீயும் ஓட்டிக் களைத்து வர வேண்டாம் என்று, நான்கைந்து தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்ததை ஒரே மூச்சில் சொன்னேன்.

 பின்னால் ஸ்டாண்டின் சத்தம் கேட்டது.

"இது உங்க மாமியார் சொன்னதா, நீ சொல்லுததா?"

"அத்தைதான் சொன்னாங்க."

"சரி. அவுக சொன்னா சரிதான்" என்றான். "நான் வரலைன்னாலும் வேன்ல சீரு வந்துரும்ல."

மாமன் தன் சொந்த வண்டியில் முன்னால் வாழைக்கன்று கட்டிக்கொண்டு வந்து இறங்குவது எங்கள் லயத்தில் பெரிய விஷயம். அந்த ஜீப்பை வாங்க அவன் எத்தனை வருடம் இன்னொருவர் வண்டியை ஓட்டினான் என்று எனக்குத் தெரியும். வாங்கிய அன்று அவன் சொன்ன முதல் வார்த்தையே, "உம் புள்ளைக்குச் சீரு இதுலதான் வரும்" என்பது. அப்போது எனக்குப் பிள்ளையே இல்லை.

இரண்டு நாள் இதையே புரட்டிக்கொண்டிருந்தேன். வேன் வேண்டாம் என்று சொல்லி, அந்த ஜீப்புக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அம்மாவும் அப்பாவும் அதில்தானே இருப்பார்கள்? வேன் அனுப்பி, அண்ணன் வராமல் போய்விட்டால்? எதைத் தேர்ந்தெடுத்தாலும் பிறகு என்னை நானே குற்றம் சொல்லப்போகிறேன் என்பது மட்டும் நிச்சயமாக இருந்தது. மூன்றாம் நாள் மறுபடி கூப்பிட்டேன்.

"அண்ணே, பொய் சொல்லிட்டேன். வேன் கேட்டது நான்தான். நீ உன் வண்டியிலயே வா."

"பயமா இருக்குன்னா வேன்லயே வாரோம் புள்ள. அதுல என்ன இருக்கு."

"பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் நீ உன் வண்டியிலதான் வரணும். ஆனா மெதுவா வா. கூட்டம் ஏத்தாத. மெதுவா வா."

"ஆர்.சி. புக்குல டிரைவரோட சேத்து எட்டு பேருன்னு போட்டிருக்கு. அதுக்கு மேல ஒரு ஈ ஏறாது. போதுமா?"

போதும் என்றேன். ஆனால் போதவில்லை. காதுகுத்துக்கு முந்தைய வாரம் முழுக்க ஏதாவது சாக்கில் கூப்பிட்டு, பேச்சின் முடிவில் "மெதுவா வா" என்று சேர்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவன், "இதுக்கு மேல மெதுவா வரணும்னா நேத்தே கிளம்பியிருக்கணும்" என்று சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை. குலதெய்வக் கோவில் மண்டபத்தில் நூற்றைம்பது பேருக்கு இலை. மகளுக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசியாகிவிட்டது. அவள் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையில் ஒட்டிய சந்தனத்தை என் பட்டுப்புடவையில் துடைத்துக்கொண்டிருந்தாள். நல்ல நேரம் பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே முக்கால் வரை. பன்னிரண்டுக்கு எமகண்டம் தொடங்கிவிடும்.

மூணாற்றிலிருந்து எங்கள் ஊருக்கு வர மறையூர் இறங்கி, சின்னாறு காடு தாண்டி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் போய்த் திரும்பக் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். யானை நடமாடும் காடு என்பதால் வெளிச்சம் வந்து கிளம்புவதாகத் திட்டம். எப்படிப் பார்த்தாலும் பத்து மணிக்கு வந்துவிட வேண்டும்.

பத்தரைக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது என் பெரியம்மா. பின்னாலேயே அவர் மகன், மருமகள், ஒரு சித்தப்பா. நான் ஓடினேன். பெரியம்மா என் கன்னத்தைக்கூடத் தொடாமல் ஆரம்பித்தார்.

"உங்கண்ணன் பண்ணுன வேலையைக் கேட்டியாட்டி? ஜீப்புல ஒரு கால் வெச்சுட்டேன். 'பெரியம்மா எறங்குங்க, எட்டாச்சு'ங்கான். எட்டாச்சாம்! பஸ் கண்டக்டரு மாதிரி விரல் விட்டு எண்ணுதான். சொந்தப் பெரியம்மாளை ரோட்டுல எறக்கிவிட்டுட்டு சீருக்குப் போற மாமனை எந்த ஊர்லயாச்சும் பாத்திருக்கியா? நாலு பேரும் பஸ்ஸு புடிச்சு வாரோம்."

"நான்தான் பெரியம்மா சொன்னேன். அவங்க எங்க வாராங்க?"

"மறையூரு தாண்டயிலயே எங்க பஸ்ஸு அவனைத் தாண்டிருச்சு. ஜன்னல்ல கை ஆட்டுனேன். மாட்டுவண்டி கணக்கா வாரான்."

பஸ் தாண்டியது என்றதும் முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. மெதுவாக வருகிறான். பதினொன்றுக்கு அந்த நிம்மதி போய்விட்டது. பதினொன்றே காலுக்கு அவன் எண்ணைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. அம்மாவின் எண்ணும் அப்படியே. காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது, அது தெரிந்த விஷயம். ஆனால் இவ்வளவு நேரமா காட்டுக்குள் இருப்பார்கள்?

காது குத்த வந்திருந்த ஆசாரி ஊசியைத் துணியில் துடைத்து வைத்துவிட்டு மண்டபத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். பங்காளிகள் உட்கார்ந்திருந்த பக்கமிருந்து ஒருவர் குரல், மெல்லப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, நன்றாகவே கேட்டது. "மலைக்காரங்க சீரல்லோ. நேத்தைக்கே தண்ணிப்பந்தல் ஆரம்பிச்சிருக்கும். இன்னும் தெளிஞ்சிருக்காது."

என் அண்ணன் குடிப்பதில்லை. திரும்பிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை. சபையில் மருமகள் பேசினாள் என்று ஆகிவிடும். அதோடு, ஒருவேளை ஏதாவது நடந்திருந்தால் இந்த விவாதத்தில் என்ன இருக்கிறது என்றும் தோன்றியது. என் மனம் ஒவ்வொரு வளைவாக இறங்கிக்கொண்டிருந்தது.

பதினொன்றரைக்கு அத்தை வந்து என்னைத் தூணோரம் அழைத்தார்.

"அம்மிணி, உங்க பெரியம்மா பையன் வந்திருக்காரல்லோ. அவரும் மாமன் மொறைதானே? அவரு மடில வெச்சுக் குத்திப்போடலாம். நேரம் போச்சுன்னா சபையில என்ன பதில் சொல்றது?"

முறைப்படி அது சரி. யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். பெரியம்மா மகன் அதற்குள் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தயாராகவே நின்றார். நான் மகளைத் தூக்கிக்கொண்டேன். இன்னொரு மடியில் இவளை உட்கார்த்தினால், என் அண்ணன் இனி வரமாட்டான் என்று நானே எல்லார் முன்னாலும் சொன்னதாகிவிடும் என்று தோன்றியது. பகுத்தறிவுக்குப் பொருந்தாத நினைப்புத்தான். நான் விஞ்ஞானம் படித்தவள். ஆனாலும் அந்த நேரத்தில் அது அசைக்க முடியாததாக இருந்தது.

"காத்திருக்கலாமுங்க அத்தை" என்றேன். "ஒன்றரைக்கு எமகண்டம் முடிஞ்சிரும். அப்புறம் ஒரு நல்ல நேரம் இருக்குது."

"அதுவரைக்கும் இத்தனை பேரையும் என்ன பண்றது?"

"என்னால வேற மடில வெக்க முடியாதுங்க."

கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அவரிடம் முடியாது என்ற சொல்லை நான் சொன்னதில்லை. அத்தை என் முகத்தையும் குழந்தையின் மொட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன பார்த்தாரோ. சமையல்காரர்கள் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"பந்தியைப் போடுங்க! சோறு ஆறிப்போகுது. காது எங்கயும் ஓடிப்போகாது."

முதல் பந்தியில் ஆசாரியும் உட்கார்ந்தார். நான் மண்டபத்து வாசலில், சாலை தெரிகிற இடத்தில் நின்றேன். என் கணவர் வந்து பக்கத்தில் நின்றார். "பொள்ளாச்சி வரைக்கும் பைக்குல போய்ப் பாத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டார். போங்கள் என்று சொன்னேன். அவர் சாவியை எடுத்ததும் நீங்களும் போக வேண்டாம் என்றேன். அவர் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டு இருபதுக்கு வாழைக்கன்று கட்டிய ஜீப் தோப்பைச் சுற்றித் திரும்பியது. எங்கள் ஊர் டிராக்டர் ஒன்று அதற்குப் பின்னால் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

முதலில் இறங்கியவள் அம்மா. இறங்கும்போதே, "இந்தப் பயலோட வண்டியில இனிமே ஏறுனா என்னைக் கேளு" என்றாள். அவள் முகத்தில் பவுடர் வியர்வையில் கோடு கோடாக வழிந்திருந்தது. அவள் உடம்பில் எங்கும் காயமில்லை என்று என் கண் தானாகத் தேடிப் பார்த்தது.

"என்னம்மா ஆச்சு?"

"என்ன ஆச்சா? காட்டுக்குள்ள ஒருத்தி கைப்புள்ளையோட ரோட்டோரமா நின்னா. கையைக் காட்டுனா. இவன் நிறுத்திட்டான். நிறுத்துனா ஏத்தணும்ல? ஏத்த மாட்டானாம், எட்டாச்சாம். சரி, அப்பப் போடான்னா போகவும் மாட்டான். ஆனைக்காட்டுல ஒத்தையில எப்படி விட்டுட்டுப் போறதுன்னு இஞ்சினை அணைச்சுட்டு உக்காந்துட்டான். அடுத்த பஸ்ஸு வந்து அவளை ஏத்திவிட்ட பிறகுதான் எடுத்தான். ஒரு மணி நேரம்! நாங்க எட்டு பேரும் அவளுக்குக் காவலு."

சுற்றி நின்றவர்கள் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் சீர்த்தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"யாரையாச்சும் எறக்கிட்டு அவங்களை ஏத்தியிருக்கலாம்லண்ணே" என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்.

"யாரை எறக்க? எல்லாம் மூட்டுவலிக்காரங்க. நான் எறங்கிக்கிடுதேன்னு சொன்னேன். வண்டியை யாரு ஓட்டன்னு அப்பா கேட்டாரு."

மாமா சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "தம்பி, ஒரே ஒரு ஆளு கூட ஏத்துனா என்ன ஆயிருக்கும்? அந்தக் காட்டுக்குள்ள எந்த போலீஸ்காரன் வந்து பாக்கப்போறான்?"

"ஒண்ணும் ஆயிருக்காது மாமா" என்றான் அண்ணன். "தங்கச்சிகிட்ட எட்டுன்னு சொல்லிட்டேன். அதான்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவன் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அங்கன்வாடி டீச்சர் கையில் பாயசத் தம்ளரோடு நின்றிருந்தார். "கண்டோ! கேரளத்துல வளர்ந்த ஆளாக்கும். ரூல்னா ரூல்!"

"அட போங்க டீச்சரு" என்றார் மாமா. "ரூலு பாக்கறவன் நிக்காமப் போயிருப்பான். பொம்பளையை வழியில உட்டுப்போட்டு வர மனசு வரலை பாருங்க, அது தமிழன் கொணம்."

"ஏத்தாம இருந்தது எங்க ஆளு, நின்னது உங்க ஆளு. பாதிப் பாதி!"

"தெக்கத்தியான்னா வீம்பு. சொன்னா சொன்னதுதான்" என்று பங்காளிகள் பக்கமிருந்து இன்னொரு தீர்ப்பு வந்தது. தண்ணிப்பந்தல் என்று சொன்ன அதே குரல். இப்போது அதில் மரியாதை இருந்தது. பாதி நாளுக்குள் என் அண்ணனைக் குடிகாரனாகவும் சட்டம் தெரிந்தவனாகவும் இளகியவனாகவும் வீம்புக்காரனாகவும் ஆக்கிவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊரையும் கண்டுபிடித்துவிட்டார்கள். அவன் வாழைத்தாரைச் சுமந்துகொண்டு, "கொஞ்சம் வழி விடுங்க" என்றான்.

"ஆரா வேணா இருக்கட்டு" என்றார் அத்தை. "மொதல்ல அந்தத் தம்பியை உக்கார வெச்சு ஒரு வாய் சாப்பாடு போடுங்க. காலைல எத்தனை மணிக்கு எந்திரிச்சாரோ."

ஒன்றரை தாண்டியதும் குத்தினோம். மகள் அதற்குள் இரண்டு ஜிலேபி தின்று தூக்கக்கலக்கத்தில் இருந்தாள். அண்ணன் சம்மணமிட்டு உட்கார்ந்து அவளை மடியில் வைத்து, ஒரு கையால் நெற்றியையும் ஒரு கையால் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். முதல் காதில் அவள் வீரிட்டாள். இரண்டாவது காதுக்கு முன்னால் அவன் அவளைத் தன் நெஞ்சோடு அணைத்து ஏதோ முணுமுணுத்தான். சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அவன் விரல்கள் அவள் மொட்டைத் தலையைத் தாங்கிக்கொண்டன. மலைப்பாதையில் ஆயிரம் தடவை ஸ்டீயரிங் பிடித்த விரல்கள். என் கண்ணுக்கு அவை மட்டும்தான் தெரிந்தன.

பெரியம்மா மட்டும் அன்று கடைசிவரை அவனோடு பேசவில்லை. திரும்பிப் போகும்போது அவருக்கு ஜீப்பில் இடம் கொடுத்து, அப்பாவும் ஜீப்பில் வந்த இன்னொருவரும் பெரியம்மா மகனோடு பஸ்ஸில் போவதாக ஏற்பாடானது. இடத்தில் உட்கார்ந்த பிறகும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தார்.

கிளம்பும் நேரத்தில் அண்ணன் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"இவளை நாலு நாளைக்கு எங்ககூட அனுப்புதியா? அம்மா கேக்கா. பெரியம்மாவைச் சேத்தும் வண்டியில ஏழுதான், இவ எட்டு. அம்மா மடியில உக்காந்துக்கிடுவா."

அத்தை, "உன்ற இஷ்டம் அம்மிணி" என்பதுபோல் என்னைப் பார்த்தார். தடுப்பதற்கு யாருமே இல்லை. என்னைத் தவிர. அன்றைக்கு முழுக்க அவனுக்காக நின்றவள் நான்தான். எல்லார் முன்னாலும் முடியாது என்று சொன்னவளும் நான்தான். இருந்தும் வாயில் வந்தது வேறு.

"காது புண்ணா இருக்குண்ணே. ஆறட்டும்."

அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு மகளின் மொட்டையைத் தடவி, "ஆமா, ஆறட்டும். மலையில குளிரு வேற" என்று அவனாகவே எனக்கு இன்னொரு காரணத்தையும் எடுத்துக் கொடுத்தான். ஜீப் தோப்பைத் தாண்டும்வரை நான் வாசலில் நின்றேன். அவன் வேகம் கூட்டவே இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். சபையில் சொன்னது உண்மையா, வாசலில் சொன்னது உண்மையா? அவன்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. சாலைமேல்தான் நம்பிக்கை இல்லை என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். மழைக்கும் வளைவுக்கும் எந்த ஊர்க்காரன் ஓட்டுகிறான் என்று தெரியாது. ஆனால் அந்தச் சாலையில்தான் அவன் தினமும் போய் வருகிறான். என் அம்மா அப்பாவும் அதில்தான் இறங்கி வந்தார்கள். அவர்களை அதில் வரவழைக்க எனக்கு மனம் வந்தது. என் மகளை அனுப்ப மட்டும் வரவில்லை. இந்தக் கணக்கை எந்தப் பக்கமிருந்து போட்டாலும் எனக்கு நல்ல பெயர் வருவதில்லை.

காதுகள் ஒரு மாதத்தில் ஆறிவிட்டன. சின்னத் தோடு போட்டுக்கொண்டு கண்ணாடிமுன் நிற்கிறாள். அங்கன்வாடிக்கு வருகிற வாரம் விடுமுறை. நேற்று மத்தியானம் அண்ணனைக் கூப்பிட்டேன். அவன் எடுக்கவில்லை. சமையல்கட்டில் உட்கார்ந்து, திரும்பவும் அடிக்காமல் காத்திருந்தேன். முக்கால் மணி கழித்துக் கூப்பிட்டான்.

"சனிக்கிழமை வந்து எங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறியாண்ணே? நாலு நாள் இருந்துட்டு வாரோம்."

"எந்த வண்டியில வரணும்?" என்று கேட்டான். கேலியாகத்தான் கேட்டான் என்று நினைக்கிறேன்.

"உன் வண்டியிலதான்."

"சரி புள்ள" என்றான். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. நானும் மெதுவா வா என்று சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். தொடர்பைத் துண்டித்த கையோடு, சனிக்கிழமை மறையூர்ப் பக்கம் மழை உண்டா என்று கைபேசியில் பார்த்தேன். இல்லை என்று காட்டியது. இன்று காலையும் ஒரு தடவை பார்த்தேன்.